திருத்தத்துக்கு மேற்கோள் இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, வேதியியல் துறைத் தலைவர் முனைவர் காளீஸ்வரன் அவர்களே, துணைவரை இழந்து வாடும் பொன்மணி மதினி அவர்களே, மின்விசிறிக்குக் கீழே முந்தி இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் செய்யது அபுதாஹிர். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிப்பவன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மறைந்த பேராசிரியர் முனைவர் ஊர்க்காவலன் அவர்களின் பக்கத்து வீட்டுக்காரன். "பாய், ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு இறங்கிரணும்" என்று சொல்லித்தான் செயலர் என்னை மேடை ஏற்றினார். அப்படிச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் எனக்குப் புதிதா? முதலில் ஊர்க்காவலன் ஐயா மேலேயே சந்தேகப்பட்டவன் நான்! வேதியியல் பேராசிரியர் என்றார்கள். கையில் கறை இல்லை, சட்டையில் ஓட்டை இல்லை.

"என்ன சார், மருந்தையே தொடாம வேதியியலா? மாமியா வீட்டுக்குப் போகாமலே விருந்துச் சாப்பாடா?" என்று கேட்டேன்.

"ஏலே தாகிரு, அணு எப்படி ஆடும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்கேன். கணக்கு வெடிச்சா யாருக்கும் காயம் படாதுல்ல" என்றார்.

அப்படிச் சொன்னவரின் கணக்கு ஒன்றுதான், ஐயா, இன்று என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

பட்டாசு மருந்துக் கலவை ஒன்று எந்தச் சூட்டில் தானாகப் பற்றும் என்று கணக்கிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதை உலகம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளில் மேற்கோள் காட்டினார்கள். அந்த எண்ணைப் போட்டுக் கல்லூரி வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள்.

"அம்புட்டுப் பேரும் உங்க எழுத்தைப் படிச்சிருக்காகளா சார்?"

"படிச்சிருந்தா என் பேரைச் சொல்லியிருக்க மாட்டாகலே" என்றார். சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை? அந்தக் கணக்கு தப்பு! கண்டுபிடித்தது வேறு யாரும் இல்லை, அவரே. அவர் எழுதியதைவிடக் குறைந்த சூட்டிலேயே அந்த மருந்து பற்றிவிடும். உடனே அதே பத்திரிகையில் திருத்தம் எழுதினார். எத்தனை பெரிய மனம்! ஆனால் அந்தத் திருத்தத்தை மேற்கோள் காட்ட ஆள் இல்லை. தப்பான கட்டுரைக்கு மட்டும் புகழ் ஏறிக்கொண்டே இருந்தது.

எங்கள் தொழிலிலும் இது உண்டு. லேபிளில் தப்பு விழுந்து லோடும் போய்விட்டால், சரியானதை ஸ்டிக்கராக அடித்துப் பின்னாலேயே அனுப்புவோம். சீசன் மும்முரத்தில் அதை யார் ஒட்டுவார்கள்? குடோன் மூலையில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும். இதைச் சொன்னதும், "என் திருத்தமும் அங்கனதாம்லே கெடக்கு" என்றார்.

அதற்காகத்தான் தம் மாணவி அனுப்பிரியாவை மறுபடி கணக்கிட வைத்தார். குருவின் கணக்கு எங்கே சறுக்கியது என்று அந்தப் பிள்ளை தன் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டது. படித்துவிட்டு, "என்னை நல்லா வெளுத்திருக்கா தாகிரு!" என்று தெருவுக்கே சாத்தூர்ச் சேவு வாங்கிக் கொடுத்தார். அடி வாங்கியதற்குச் சேவு வாங்கித் தந்த அறிஞரை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

அவர் காரியத்தன்று நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். துறைத் தலைவர் அந்தப் பிள்ளையிடம் மெதுவாகப் பேசுவது காதில் விழுந்தது.

"அந்த அத்தியாயத்தை எடுத்திரும்மா. செத்தவுகளைக் குறை சொன்னா நல்லாவா இருக்கு?"

"சார்தான எழுதச் சொன்னாக?"

"அது அவரு பெருந்தன்மை. இது நாம காட்டுற மரியாதை."

காளீஸ்வரன் ஐயா கோபிக்கக் கூடாது. நீங்கள் நல்லவர். நல்லவர்கள் மெதுவாகப் பேசினால்தான் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். மரியாதை யாருக்கு ஐயா? போனவருக்கா? பேனரில் இருக்கும் எண்ணுக்கா? கல்லூரிக்குத் தரம் போட வருகிறவர்களுக்கா? மருந்து கலக்கிற அறையில் நிற்கிறவனுக்கு எது மரியாதை? அவன் இங்கிலீஷ் கட்டுரை படிக்க மாட்டான்தான். படித்த ஒருவர் அந்தத் தப்புக் கட்டுரையைப் பார்த்து, "இந்தச் சூடு தாங்கும், கலக்கு" என்று சொன்னால் போதாதா?

என்னால் முடிந்ததை நான் செய்வேன். ஊர்க்காவலன் ஐயாவின் திருத்தத்தை நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் அச்சடித்து, மருந்தறைக் கதவு ஒவ்வொன்றிலும் என் கையால் ஒட்டுவேன். மதினியிடம் கேட்டுவிட்டேன். "அவுக சொன்னதைத்தான அடிக்கீக? அடிங்க" என்று சொல்லிவிட்டார். தமிழில் எழுதித் தர அனுப்பிரியா இருக்கிறது. அந்த அத்தியாயமும் இருக்க வேண்டும்.

அடுத்ததாக மௌன அஞ்சலி என்று செயலர் சொன்னார். எழுந்து நிற்போம், நிற்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் காளீஸ்வரன் ஐயா இந்த மைக்குக்கு வந்து, அத்தியாயம் இருக்குமா இருக்காதா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

வாங்க ஐயா.