வாத்து கத்தினால்

— வாயைத் திறந்து வச்சிருக்கும்போது "நிறுத்து"ன்னு எப்படிச் சொல்றதுன்னு, இதே நாற்காலியில உட்கார்ந்து ஒரு குட்டிப் பொண்ணு கேட்டா, அண்ணா. மறுநாளே கடைக்குப் போய் இதை வாங்கிட்டு வந்தேன்.

— இது ரப்பர் வாத்துங்க.

— வாத்துதான். அழுத்திப் பாருங்க.

— கத்துதே!

— அது கத்தினா டாக்டர் கையை எடுத்துடுவார். ஏன் எதுக்குன்னு கேக்கமாட்டார். இந்த அறையில அதுதான் சட்டம்.

— முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான், தங்கச்சி. மலையில பிரேக் பிடிக்காம இறங்கினப்பகூட இப்படி உதறினதில்ல. இப்ப பாருங்க, கையில வாத்து.

— ஹாரன்னு நினைச்சுக்கங்க.

— சிரிக்காதீங்க. போன தடவை வேற ஒரு இடத்துல, நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில கொடுத்தாங்க. நான் ம்ம்ம் ம்ம்ம்னு கத்தறேன், வலியில முனகறேன்னு நினைச்சு இன்னும் பலமா இழுத்தாங்க. நாலு வருஷமா பல் டாக்டர் போர்டைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போயிடுவேன்.

— அதான் உள்ளே சீழ் வச்சு, மூணு நாளா காய்ச்சல். இன்னிக்கும் எழுந்து ஓடினீங்கன்னா அது ரத்தத்துல கலந்துடும். உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரில்ல?

— சொன்னார். ஆனா ரெண்டு பக்கமும் சொத்தை, தலை முழுக்க விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எந்தப் பல்லுன்னு சத்தியமா எனக்கே தெரியல.

— எக்ஸ்ரே படத்துல தெரிஞ்சிடுச்சு. எந்தப் பக்கம்னா...

— ஐயோ, சொல்லாதீங்க! சொன்னா அந்தப் பக்கமே உயிர் போயிடும். உங்க டாக்டர் எப்படிப்பட்டவரு, அதை மட்டும் சொல்லுங்க.

— நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கழுவின கருவியைக் கிருமி சாகச் சூட்டுல வைக்காமலே தட்டுல எடுத்து வச்சிட்டேன். அவர் பார்த்துட்டார். பேஷன்ட் முன்னாடி என்னைத் திட்டணும் இல்லையா? "அடடா, என் வெறுங்கை பட்டுடுச்சு, தட்டை மாத்துங்க சிஸ்டர்"னார். அவ்வளவுதான். இன்னிவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. எனக்குத்தான் அந்தக் கடன் நெஞ்சுல அப்படியே இருக்கு.

— என்ன சிஸ்டர், வாத்தைக் கொடுத்தாச்சா?

— ஆச்சு டாக்டர்.

— காலையிலிருந்து உட்காரவே நேரமில்ல. படத்தை மாட்டிட்டேன். இவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டு விடுங்க. அண்ணா, முகத்தைச் சிஸ்டர் பக்கம் திருப்புங்க.

— டாக்டர்... உங்க பக்கம் இல்லையா?

— இல்ல, உங்க பக்கம்தான். படத்தைப் பார்த்துட்டுத்தானே சொல்றேன்.

— எதுக்கு ஆளுக்கொரு பக்கம் சொல்றீங்க? ஏதோ தப்பு நடக்குது. நான் எழுந்துக்கறேன்!

— படுங்கண்ணா. படுங்க. ஒண்ணுமில்ல.

— சிஸ்டர் தெரியாம கேட்டுட்டாங்க. வாயை நல்லாத் திறங்க. கண்ணை மூடிக்கங்க. மரத்துப்போக ஒரு ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். சிஸ்டர், எச்சில் உறிஞ்சற குழாயைப் பிடிங்க.

— டாக்டர், ஒரு நிமிஷம்...

— இருங்க, இதோ போட்டுடறேன்.

— ம்ம்ம்! ம்ம்ம்!

— டாக்டர், வாத்து! வாத்து கத்திடுச்சு!

— கேட்டுச்சு, கேட்டுச்சு. கையை எடுத்துட்டேன். ஊசியே படல அண்ணா, பயப்படாதீங்க.

— அண்ணா, இப்படித் தொட்டிப் பக்கம் குனிஞ்சு வாயைக் கொப்பளிங்க. நிறையத் தண்ணி விட்டு, நிதானமா. டாக்டர், அதுக்குள்ள அந்தப் படம்... கொஞ்சம் சாய்ஞ்சாப்ல இருக்கு. நேரா வச்சிடறீங்களா?

— நேராத்தானே... இருங்க. மூலையில இருக்கிற புள்ளி மேடா என்னைப் பார்த்து இருக்கணும். இது குழியா இருக்கு. கடவுளே! சிஸ்டர், படத்தைத் திருப்பி மாட்டியிருக்கேன்.

— மெதுவா பேசுங்க. தண்ணி ஓடுது, அவருக்குக் கேக்காது.

— அந்த மனுஷன் மட்டும் அழுத்தலைன்னா, இன்னொரு நல்ல பல்லை...

— அதான் கத்திடுச்சே டாக்டர். மூச்சு விடுங்க.

— அண்ணா, முடிஞ்சுதா? இப்ப முகத்தை என் பக்கம் திருப்புங்க.

— மறுபடியும் பக்கம் மாத்தறீங்களே!

— ஆமாண்ணா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். சிஸ்டர் சொன்னதுதான் சரி.

— நீங்களே தப்புன்னு சொல்றீங்களா?

— அண்ணா? போறீங்களா, இருக்கீங்களா?

— தப்புன்னு வாய்விட்டுச் சொல்ற டாக்டரை இப்பதான் பார்க்கறேன். இருக்கேன். போடுங்க ஊசியை.

— பல்லை எடுத்து அரை மணி ஆச்சு, அண்ணா. பஞ்சை எடுத்துட்டேன், ரத்தம் நின்னுடுச்சு. இப்ப பேசலாம்.

— தங்கச்சி, டாக்டர் இல்லையே பக்கத்துல?

— அடுத்த பேஷன்ட்கிட்ட இருக்கார். ஏன், வலிக்குதா?

— வலி இல்லைம்மா, வெட்கம். வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "சரியான நேரத்துல அழுத்தினீங்க, பெரிய உபகாரம்"னு கண் கலங்கினார். நான் அழுத்தவே இல்லைம்மா. ஊசின்னு சொன்னதுமே கை உதறி, வாத்து எங்கேயோ கீழே விழுந்துடுச்சு.

— தெரியும், அண்ணா. அந்த நன்றி உங்ககிட்டயே இருக்கட்டும், அவர்கிட்ட சொல்லிடாதீங்க. வாத்து விழுந்தது என் காலடியிலதான். கையில குழாய் இருந்தா என்ன, கால் சும்மாதானே இருந்துச்சு.