பின்கதவுச் சாவி

பின்கதவுப் பூட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை நிறுத்து, முனாப். அதில் பழுது இல்லை. சுத்தியலைக் கீழே வை.

நீ நல்ல மாணவன். அக்குறணைப் பள்ளியில் மூன்றாம் கலீபா உஸ்மானின் ஆட்சியை உனக்குக் கற்பித்தவன் நான். முதற்பாதி அமைதி. பிறகு, உறவினருக்கே பதவி கொடுக்கிறார் என்ற முறைப்பாடு, கலகம், முற்றுகை. வீட்டுக்குப் போன தண்ணீரையும் நிறுத்தினார்கள். முன்வாசலில் இளைஞர்கள் காவல் நிற்க, கொலைகாரர் பக்கத்து வீட்டால் ஏறி வந்தார்கள்.

நீ அதை மறக்கவில்லை. எண்பத்துமூன்றின் இந்தக் கேடுகெட்ட ஆடியில், தமிழரைத் தேடி நேற்றுச் சிங்களக் கும்பல் உன் வீட்டைச் சூழ்ந்தபோது, முஸ்லிமாகத் தெரியட்டும் என்று உன் வாப்பாவின் தொப்பியை என் தலையில் வைத்துப் பின்கதவுச் சாவியையும் தந்தாய்.

"முன்வாசல நாங்க பாக்கிறோம், சேர். பின்னுக்கு நீங்க. ஒங்கட பாடம்தானே."

தொப்பியில் எண்ணெய்ப் பிசுக்கு. பொறுத்துக்கொண்டேன்.

நீ ஒளித்துவைத்த மற்ற இருவரும் அதே அறையில்தான் இருந்தார்கள். கணபதியும் அவன் மனைவி வேலாயியும். மஹய்யாவயில் குப்பை அள்ளுகிறவர்கள். யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவர்களை நாங்கள் வளவுக்குள் எடுப்பதில்லை. கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். கும்பல் குழாயை வெட்டிவிட்டதால், உன் மனைவி றமீலா எனக்கென்று ஒரு பானை தண்ணீர் வைத்திருந்தாள்.

வேலாயி தன் டம்ளரை அதற்குள் முக்கினாள். நகமெல்லாம் ஊத்தை. விரலும் நனைந்தது.

"ஒரு வாய்தாங்க ஐயா, கோவிச்சுக்காதீங்க."

கணபதி சிரித்தான். "வெளிய நிக்கிறவனுக்கு நாம மூணு பேரும் ஒண்ணுதான். பானை மட்டும் வேறயாங்க ஐயா?"

தண்ணீரைக்கூட மன்னித்திருப்பேன். அந்த 'ஒண்ணுதான்' என்ற சொல்லை மன்னிக்க முடியவில்லை.

தொப்பியைச் சரிசெய்தேன். சாவியைத் திருப்பினேன். உள்ளே தமிழர் இருவர் இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்தபின் ஒருவன் அந்தப் பானையிலேயே கை கழுவினான். என்ன மனிதர்கள். றமீலாவிடம் வேறு பானை வைக்கச் சொல்.

உன் காவலில் பிழை இல்லை, முனாப். நீ முன்வாசலில் உறுதியாக நின்றாய், அவர்களும் அலுத்துவிட்டார்கள். பின் ஒழுங்கையில் யாரும் கதவைத் தட்டவில்லை. திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான்தான் கைதட்டிக் கூப்பிட்டேன்.