வெள்ளிக்கிழமை தர்பாரின் தலைவிக்கு

பஹ்ரைன் நீலமுனை பாதுகாப்புப் பணி நிறுவனத்தில் பணியாளர் பிரிவின் மேலாளராக விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் திருமதி ஷியாமளா அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கனிந்து வாசித்தளிக்கும் மடல்

காவிரிக் கரையில் பிறந்து, கடல் சூழ்ந்த இத்தீவில் கால் நூற்றாண்டாகக் கடமையாற்றி, கோப்புகளுக்குள்ளே காகிதத்தை மட்டும் காணாமல் மனிதர்களையும் கண்ட கனிவின் உருவே! காவலர்களுக்கெல்லாம் காவலாய் நின்ற கண்ணியமே! ஈசா டவுன் இல்லத்தில் அன்னையாய், அலுவலகத்தில் அரணாய், எங்கள் கேம்ப்பில் வெள்ளிக்கிழமைதோறும் நீதியரசியாய்த் திகழ்ந்த நிறைகுணச் செல்வமே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பைக் கணக்குப் பிரிவுப் பத்மநாபனிடம் ஒப்படைத்தவர்கள், அடைமொழிகளைக் கொஞ்சம் அளவோடு போடும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர் கேட்கவில்லை. மேலே உள்ளவை அத்தனையும் அவர் கைவரிசை. ஆனால் எல்லோருமாக உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது, அவற்றில் எதை எடுத்துவிடலாம் என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அம்மையீர்! தாங்கள் இந்நிறுவனத்தில் கால் வைத்த நாளில் தங்கள் விசாவில் எழுதப்பட்டிருந்த தொழில் டைப்பிஸ்ட். காலியாக இருக்கும் விசாவில் கையில் கிடைத்த ஆளை ஏற்றிவிடுவது இந்த வளைகுடாவின் வாடிக்கை. காவலர்கள் தங்கும் கேம்ப்பின் சமையற்காரர் இன்றளவும் பெயிண்டர் விசாவில்தான் சாம்பார் வைக்கிறார். தாங்களோ உதவியாளராகி, அலுவலராகி, மேலாளராகி, ஆள் எடுப்பதிலிருந்து ஊருக்கு அனுப்புவது வரை அத்தனையையும் ஏற்று நடத்தினீர்கள். விசா மட்டும் வந்த நாளில் இருந்தபடியே இருந்தது. அதை மாற்றச் சொல்லி நாங்கள் நச்சரித்தபோதெல்லாம், "விசாவுல என்ன இருந்தா என்ன சார், வேலை நடக்குதுல்ல?" என்று சிரித்துக்கொண்டே அடுத்தவர் கோப்பை எடுத்துவிடுவீர்கள்.

அடுத்தவர் கோப்பை அன்னைபோல் ஆராய்ந்தவரே! நம் காவலர்களில் பெரும்பாலோர் இந்திய இராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர்கள். வேலையில் சேரும்போது ஒவ்வொருவரும் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். படையில் என்ன பணி, நடத்தை எப்படி, எதனால் விலகல் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நகல்களை வாங்கி அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால் தங்களை யாரும் ஒரு சொல் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாங்கள் அவற்றைப் படித்தீர்கள். எல்லையில் உடைந்த முழங்காலை, விடுப்பில் வீட்டில் விழுந்து உடைந்ததாக எழுதியிருந்ததைக் கண்டீர்கள். வாங்கிய பதக்கம் ஏறாமல் விட்டிருந்ததைக் கண்டீர்கள். "பட்டாளத்துல எழுதினா எழுதினதுதான் மேடம், கலாஸ், முடிஞ்சது" என்று காவலர்கள் கையை விரித்தபோது, "எழுதினது மனுஷங்கதானே? திருத்தவும் ஒரு வழி வச்சிருப்பாங்க, தேடுவோம்" என்றீர்கள். அன்று தொடங்கியதுதான் வெள்ளிக்கிழமை தர்பார்.

படைத்தலைவர் வீரர்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் கூட்டத்துக்குப் பட்டாளத்தில் தர்பார் என்று பெயர். தாங்கள் காபி ஃபிளாஸ்க்கோடு கேம்ப்புக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அமர்ந்ததும், காவலர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பழக்க தோஷத்தால் விறைத்து நின்று பேசத் தொடங்குபவரை முதலில் உட்கார வைப்பீர்கள். பிறகு மூன்றே கேள்விகள். என்ன எழுதியிருக்கு? என்ன நடந்தது? அது யாருக்குத் தெரியும்?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே தாங்கள் பேனாவைத் திறப்பீர்கள். முதலில் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குப் பணிவான ஒரு கடிதம். பதில் வராவிட்டால் நினைவூட்டல். ஊரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனைவியோ மகனோ நேரில் போய் ஒரு மனு. அங்கும் தீராவிட்டால் படையின் மேலிடத்துக்கு முறையீடு. அதற்கும் மேலே சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஏன் இத்தனை ஆண்டு தாமதம் என்று அங்கே கேட்பார்கள், அதற்குக் கதை கட்டாமல் உண்மையைச் சொல்லுங்கள் என்பீர்கள். வளைகுடாவில் இருப்பவர் ஒவ்வொரு விசாரணைக்கும் விமானம் ஏற முடியாது என்பதால், தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வீட்டாருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கவும் சொல்லித் தந்தீர்கள். ஓய்வு நாள் முழுவதும் இதிலேயே போவதைக் கண்டு, தங்கள் மகள் இளவேனில் "அம்மா, ஃப்ரைடே ஹாலிடே!" என்று போனில் கத்துவது எங்களுக்கும் கேட்கும்.

பொய் உரையாத பொறுமையின் பொக்கிஷமே! எல்லோருக்கும் வெற்றி கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடைந்த முழங்காலுக்குரிய ஐயப்பனின் மனு தள்ளுபடியானது. அதைத் தாங்கள் போனில் சொல்லவில்லை. ஆகஸ்ட் வெயிலில் அவர் டியூட்டி பார்த்த கேட்டுக்கே வந்து, பக்கத்தில் நின்று சொன்னீர்கள். அன்று அவருக்கு அழுகை வந்தது, தங்களுக்கும் வந்தது. பிறகு இருவரும் லபான் மோர் குடித்தீர்கள்.

வைரவனின் கதையைச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது. சொல்வதற்கு அவரே அனுமதி தந்திருக்கிறார். சிவகங்கைச் சீமையின் செம்மண் மைந்தர், படையில் ஓட்டுநராக இருந்தவர். வேலையில் சேர்ந்தபோது டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் கொடுத்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தைக் கேட்டுத் தாங்கள் மெமோ அனுப்பவில்லை. தர்பார் முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு, அவருக்கு மட்டும் காபி ஊற்றிக் கொடுத்துக் கேட்டீர்கள். பணிக்குத் தேவையற்றவர் என்று நீக்கப்பட்டதாக அதில் இருந்தது. நான்கு முறை சிவப்பு மையில் தண்டனை ஏறியவர் என்றும், அதில் கடைசி முறை சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பை நீட்டித்துக்கொண்டார் என்றும் எழுதியிருந்தது. சிவப்பு மை நான்கு ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது பட்டாளத்து வழக்கம். ஊரில் அவர் தம்மைப் பட்டாளத்தார் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. கல்லூரியில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு இடம் உண்டாமே என்று மகள் கனகா கேட்டதற்கு, "அதெல்லாம் நமக்கு இல்லம்மா" என்று போனை வைத்துவிட்டவர் அவர்.

"முதல் மூணும் என் தப்புதான் மேடம். வாலிபத் திமிரு" என்றார் வைரவன். நான்காவது அப்படியல்ல. மனைவி பூவாயி பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். வைரவன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து படைப்பிரிவுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் போனை எடுத்தவர் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, விடுப்பை நீட்டித்தாயிற்று, இருந்து பார்த்துக்கொண்டு வா என்றார். அந்த அனுமதி ஏட்டில் ஏறவே இல்லை. "மூணை மறைக்க வேணாம் வைரவன். நாலாவதைப் பத்தி மட்டும் பேசுவோம். போனை எடுத்தது யாரு?" என்று தாங்கள் கேட்டீர்கள். அதற்குப் பதில் வர மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று.

"லுக்மான் மேடம். கோபார்ல இருக்கான்."

"எந்தக் கோபார்?"

"இந்தா, பாலத்துக்கு அந்தப் பக்கம்."

உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், கடல் பாலத்தைக் கடந்தால் போய்ச் சேரும் சவூதியின் அல் கோபாரில், ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படைப்பிரிவின் பழைய ஆட்கள் ஆண்டுதோறும் அதன் பக்கத்து ஊரான தம்மாமில் கூடிச் சாப்பிடுவார்கள். வைரவன் ஒரு தடவைகூடப் போனதில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது மேடம்? பென்சன் வருதான்னு கேப்பாய்ங்க" என்றார். சண்டைக்கு அஞ்சாத மனிதர் ஒரு சாப்பாட்டுக்கு அஞ்சியிருக்கிறார் என்பதை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

தாங்கள் கணவரை வண்டி ஓட்டச் சொல்லி, வைரவனைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்தீர்கள். கிடங்கு வாசலுக்கு வந்த லுக்மான் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அடப்பாவி வைரவா! நீ பென்சன் வாங்கிக்கிட்டு ஊர்ல நல்லா இருக்கேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன்!" என்று கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் விடுப்பு முடிந்து வைரவன் படைக்குத் திரும்புவதற்குள் லுக்மானுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. நண்பரை வீட்டுக்கு அனுப்பிய செய்தி அவர் காதுக்கு எட்டவே இல்லை. "எந்த ஆபீஸ்லயும் வந்து சொல்றேன் மேடம், இப்பவே போலாம், யல்லா" என்று அவர் செருப்பைத் தேடினார். தூதரகத்தார் முன்னிலையில் அவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் பூவாயி போய் வந்துகொண்டிருந்தார். நாள் பல ஆயின, கடைசியில் நான்காவது சிவப்பு மை நீங்கியது. வைரவன் நற்பெயரோடு பணி முடித்து விலகியவர் என்று புதிதாக எழுதினார்கள்.

கனகா அதற்குள் தன் மதிப்பெண்ணாலேயே கல்லூரியில் இடம் பிடித்திருந்தாள். அவள் கேட்டது பதக்கம் குத்திய அப்பாவின் போட்டோ ஒன்றுதான். அடுத்த குடியரசு தினத்தன்று ஈசா டவுன் இந்தியப் பள்ளியில் கொடி ஏற்றும்போது, வைரவன் பெட்டி அடியில் கிடந்த பதக்கங்களைத் துடைத்து மார்பில் குத்திக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்தது தாங்கள். அது சரியாக விழவில்லை, பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. அதைத்தான் பூவாயி சட்டம் போட்டு வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

பிறர் பெயரைப் பேணிய பெருந்தகையே! இனித் தங்களைப் பற்றிய ஒரு செய்தி. தாங்கள் அறியாமல் நடந்தது; பொறுத்தருள வேண்டும். இன்று தங்களுக்குத் தரவேண்டிய சேவைச் சான்றிதழைத் தங்கள் பிரிவுப் பாஹிமா போன மாதம் தயாரித்தபோது, விசாவில் உள்ள தொழிலைத்தான் போட வேண்டும் என்ற விதிப்படி, இத்தனை ஆண்டுக்கும் டைப்பிஸ்ட் என்றே அச்சாகி வந்தது. அந்தப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேம்ப்புக்கு வந்து அழுதாள். "சிஸ்டத்துல இருக்கிறதைத்தானே போட முடியும்?" என்று மேலிடம் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை தாங்கள் திருச்சிக்கு விடுப்பில் போயிருந்தீர்கள். தலைவி இல்லாமலேயே நாங்கள் தர்பார் கூட்டினோம். வைரவன் விறைத்து நின்றார், ஐயப்பன் அவரை உட்கார வைத்தார். பிறகு தாங்கள் கற்றுத் தந்த கேள்விகளையே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம்.

என்ன எழுதியிருக்கு? டைப்பிஸ்ட்.

என்ன நடந்தது? அதைத்தான் இவ்வளவு நேரம் வாசித்தோம்.

அது யாருக்குத் தெரியும்?

பணிவான கடிதம், நினைவூட்டல், மேலிடத்துக்கு முறையீடு என்று தாங்கள் காட்டிய வழியிலேயே படி ஏறினோம். போன வாரம் விசாவில் தொழில் மாறியது. வைரவன் இப்போது தங்கள் கையில் தரப்போகும் சான்றிதழில், பணியாளர் பிரிவு மேலாளர் என்று இருக்கும்.

திருச்சியிலும் வெள்ளிக்கிழமை வரும், அங்கும் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கும், தங்களைத் தேடி யாராவது விறைத்து வந்து நிற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களை உட்கார வைக்கும் உடல் வலிமையும் உள்ள அமைதியும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். தங்கள் இல்லத்தில் நோயும் கவலையும், இந்த ஊர்ப் பேச்சில் சொன்னால், மாஃபி, இல்லை என்று ஆகட்டும். மகளின் ஹாலிடேக்களும் கொஞ்சம் மிஞ்சட்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடையாகக் கையொப்பமிடுவோர்,

நீலமுனை நிறுவனத்தின் அலுவலர்கள், காவலர்கள், ஓட்டுநர்கள், பெயிண்டர் விசாவில் இருக்கும் சமையற்காரர், பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து லுக்மான்:

நடந்ததை அறிந்த சாட்சிகள்.