வெளிச்சம் ஜாஸ்தியான பக்கம்

கண்ணாடி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியாது. எல்லாவற்றையும் கூலிங் கிளாஸ் என்பார்கள். ஆம்பூர் பைபாஸில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன் சார், சொல்லிச் சொல்லியே பொறுமை வந்துவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன். தெரியாமல் எழுதினால் வாக்குமூலம் தப்பாகிவிடும்.

டஃபன் கண்ணாடி பலமானது என்று பெயர். ஓரத்தில் கூர்மையாக ஒரு தட்டு தட்டினால் போதும், மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். லேமினேட்டட் அப்படியல்ல. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஃபிலிம் ஒட்டியிருக்கும். விரிசல் விடுமே தவிர விழாது, கையையும் கிழிக்காது. அம்பிகாவுக்கு நான் போட்டது லேமினேட்டட். அவள் கையில் ஒரு கீறல் இல்லை, டாக்டரைக் கேளுங்கள்.

அம்பிகா என் மனைவி. ஷூ கம்பெனியில் தையல் வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஒடுகத்தூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன். உன்கூட இருந்தா மூச்சு முட்டுது."

நான் கை ஓங்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் ஓங்கியதில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பயம்தான் வந்தது. "ஒரு வாரம் இரு, அப்புறம் போ" என்றேன். சரி என்றாள்.

அந்த வாரத்தில்தான் தெருப்பக்கத்து அறையின் ஜன்னலை மாற்றினேன். லாரிச் சத்தத்தில் அவளுக்குத் தலைவலி வரும், போகும்வரையாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்னேன். அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். கம்பி ஏற்கெனவே இருந்தது. கம்பி ஆளைத்தான் நிறுத்தும், குரலை நிறுத்தாது. அதனால் டபுள் கிளேஸ்: உள்ளே லேமினேட்டட், நடுவில் காற்று, வெளியே ரிஃப்ளெக்டிவ். சுற்றிலும் இடுக்கில்லாமல் சிலிக்கான் பசை. திறக்கிற மாதிரி வைக்கவில்லை. எங்கள் பாஷையில் அதற்கு ஃபிக்ஸட் என்று பெயர்.

அடுத்த ஞாயிறு பையை எடுக்க அந்த அறைக்குள் போனாள். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கக்கூஸ் அந்த அறையோடு சேர்ந்தே இருக்கிறது, ஒரு குறையும் வைக்கவில்லை. இங்கே கேட்டவர்களிடம் ஒடுகத்தூர் போயிருக்கிறாள் என்றேன். ஒடுகத்தூரிலிருந்து அவள் போனில் கூப்பிட்டுக் கேட்டவர்களிடம் நானே எடுத்து ஓவர்டைம் என்றேன்.

ரிஃப்ளெக்டிவ் கண்ணாடிக்கு ஒரு குணம். வெளிச்சம் எந்தப் பக்கம் ஜாஸ்தியோ, அந்தப் பக்கத்துக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி; இருட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் தெரியும். அதற்காகவே உள்ளே பல்பைக் கழற்றிவிட்டேன். மூன்றாம் நாள் காலை நான் இட்லி கொண்டுபோன நேரம், பக்கத்து வீட்டு மஹ்பூபி வேலைக்குப் போகிற வழியில் ஜன்னல் முன்னால் நின்றாள். "மஹ்பூபிக்கா, கதவத் தொறக்கச் சொல்லுக்கா" என்று அம்பிகா தொண்டை கிழியக் கத்தினாள். கரண்டியால் குத்தினாள். உள்கண்ணாடி விரிசல் விட்டது, விழவில்லை. ஒரு முழ தூரம்கூட இருக்காது. மஹ்பூபி துப்பட்டாவைச் சரிசெய்து, பல்லையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வேலை சுத்தமாக வந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து அம்பிகா சாப்பிடவில்லை. பிறகு தண்ணீரையும் தள்ளிவிட்டாள். பிடிவாதக்காரி.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒன்பது நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் நல்ல மழை, தெருவே இருட்டிவிட்டது. அவள் தரையில் கிடந்தாள். தண்ணீர் புகட்டலாம் என்று செல்போன் டார்ச்சை அடித்தேன். கடையில் நூறு பேருக்குச் சொன்ன பாடம் எனக்கே மறந்துபோனது. மழைக்கு ஜன்னலோரம் ஒதுங்கிய மஹ்பூபிக்கு உள்ளே எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு அவள் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது, மனைவிக்குத் தண்ணீர் கொடுக்கிற ஒரு மனிதனின் முகம். வாசல் கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் வந்தபோதுதான் திரும்பினேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போனதாக நீங்கள்தான் சொன்னீர்கள். ஜன்னலை அடைத்தது நான், கதவைப் பூட்டியது நான், அவளைக் கொன்றதும் நான்தான் என்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். 'கணவரை விட்டுப் பிரிந்து செல்ல இருந்தார்' என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருக்கிறார். அது பொய். அம்பிகா கடைசிவரை என்னோடுதான் இருந்தாள்.