கேட்காமல் வந்த சிறுநீரகம்

பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே, கீரமங்கலத்துப் பெரியோர்களே, கட்டிக்கொண்டிருந்த பூவைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்கா மருதாயி அவர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

உறுப்பு தான விழாவில் பேச ஒரு தமிழாசிரியனை ஏன் அழைத்தார்கள்? இந்த நாகராசுவின் உடம்புக்குள் இருந்து உழைப்பது மருதாயியின் சிறுநீரகம். அதனால் அழைத்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று முறை திருச்சிக்குப் போய் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் மருத்துவர். சேதி கேட்டு வீட்டில் கூடிய உறவெல்லாம் ஒரே திசையில் திரும்பியது. எந்தத் திசை? அடுப்படித் திசை. அங்கே என் மனைவி அருணா காபி கலந்துகொண்டிருந்தாள்.

கொடுக்கச் சம்மதமா என்று அவளிடம் யார் கேட்டது? அண்ணன் கேட்டாரா? அவருக்கு இடுப்புவலி. தம்பி கேட்டானா? அவனுக்கு அந்த மாதம் கிரகம் சரியில்லை. நான் கேட்டேனா? கேட்கவில்லை ஐயா, கேட்கவே இல்லை. வினாச்சொற்களை இருபது ஆண்டு வகுப்பில் நடத்தியவன் வாயில் ஒரு வினா வரவில்லை.

பரிசோதனையில் அருணாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவள் தரக்கூடாது என்றார் மருத்துவர். அன்று அவள் அழுதாள். எனக்காக அழுகிறாள் என்றது ஊர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த வாரம் விராலிமலையிலிருந்து பஸ் பிடித்து அக்கா வந்து இறங்கினார். எங்களுக்குள் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. என் மகள் ரம்யாவின் காதணி விழா அழைப்பிதழில் பந்தல்காரர் பெயர் வரைக்கும் போட்டவன், அக்கா வீட்டுக்காரரான மச்சான் பெயரை விட்டுவிட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள், அச்சடித்து வந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், என்ன ரத்த வகை என்று அருணாவிடம் கேட்டார். எல்லாம் பொருந்தியது.

அறுவைக்கு முன் அனுமதிக் குழு அக்காவைத் தனியே அழைத்தது. தம்பி கட்டாயப்படுத்துகிறாரா என்று கேட்டார்களாம்.

"அவன் எங்கிட்ட பேசியே ஒம்பது வருசமாச்சுங்க. எங்கிட்டுக் கட்டாயப்படுத்துறது?"

பிறகு ஏன் தருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"இன்னும் சண்ட முடியலைங்க. அதுக்கு அவன் இருக்கணும்ல."

கைதட்டுங்கள், அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் வெளியே வந்து அவர் கேட்டதற்கு மட்டும் கைதட்ட முடியாது. கடைசி நிமிடத்தில் மனம் மாறினாலும் பரவாயில்லை, பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடுவோம் என்று உள்ளே சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு, ஒன்பது ஆண்டில் முதல் முறையாக என் முகம் பார்த்துக் கேட்டார்: "அருணாகிட்ட நீ இப்பிடி ஒரு வார்த்த கேட்டியாடா?"

அன்று மாலையே அருணாவிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

"பயந்து செத்துக்கிட்டு இருந்தேங்க. முடியாதுன்னு டாக்டர் சொன்னதும் நிம்மதியா இருந்துச்சு. இப்பிடி நெனைக்கிறோமேன்னுதான் அழுதேன்."

அறுக்காமலே அறுபட்டேன் அவையோரே. என் உயிருக்காக நான் பட்ட அச்சம் நியாயம்; அவள் உடலுக்காக அவள் பட்ட அச்சம் குற்றமா?

அறுவை நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியதும் விராலிமலைக்குப் போய் அக்கா காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"கிட்னிக்காக விழுகாத. அது நானாக் கொடுத்தது. மச்சான் பேர விட்டதுக்கு விழு."

விழுந்தேன். மச்சான் காலிலும் சேர்த்து விழுந்தேன். மச்சான் மன்னித்துவிட்டார். அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இறந்த பின் உறுப்புகளைத் தருவதற்கான படிவங்கள் அந்த மேசையில் இருக்கின்றன. தாருங்கள், தாராளமாகத் தாருங்கள். உங்கள் விருப்பத்தை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். ஆனால் ஆண்மக்களே, மனைவிக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சரி என்றால் வணங்குங்கள். மாட்டேன் என்றால் அதையும் வணங்குங்கள். மறுக்க முடிந்தவர் மனமுவந்து தருவதற்கே தானம் என்று பெயர். மறுக்க முடியாதவரிடம் எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு. அவற்றைத் தாய்மார்கள் முன்னால் சொல்லமாட்டேன்.

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். பொறுத்த அவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.