பதினேழாவது பாட்டுக்கு ஒரு குறிப்பு

அந்தத் தொகுப்பில் இருந்த பதினேழு பாடல்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுகூட இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று விசாரணையின்போது, "எங்கம்மாகூட அந்த சிடி வெச்சிருக்காங்க" என்றீர்கள். உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பெட்ரோல் நிலையங்களில் மிட்டாய்க்குப் பக்கத்தில் அடுக்கி விற்றார்கள். யார்தான் வாங்காமல் இருந்தார்கள்.

அந்தப் பாட்டுகள் வந்த படத்தையும் பார்த்திருப்பார். ஒரு பூக்கடைக்காரியும் ஒரு விவாகரத்து வக்கீலும் தொண்ணூற்றாறு நிமிடம் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தொண்ணூற்றேழாவது நிமிடத்தில் மழையில் முத்தமிடுகிறார்கள். கையில் குடை இருக்கிறது, விரிப்பதில்லை. தொகுப்பின் முதல் பாதி பாப் பாடல்கள்: பழைய பாட்டுகளைப் புதுப் பையன்கள் துவைத்து இஸ்திரி போட்டுப் பாடியவை. மறுபாதி சோல் என்ற கறுப்பின மக்களின் இசை: தொண்டை கிழியப் பாடப்பட்ட துயரங்கள். லண்டனில் அவற்றை விருந்து முடிந்து கோப்பை கழுவும்போது கேட்பார்கள்.

என் வேலை, பழைய பாட்டுகளைப் படங்களில் சேர்க்க அனுமதி வாங்குவது. லண்டன் சோஹோவில் மாடிப்படி ஏறினால் எங்கள் அலுவலகம். முதலாளி மொய்ரா கீஸ்ட், நான், ஒரு நகல் எடுக்கும் இயந்திரம். இந்தத் தொழிலில் ஒரு நோய் உண்டு. படத்தை வெட்டி ஒட்டும்போது, இசை தயாராகும்வரை சும்மா இருக்கட்டும் என்று ஏதாவது ஒரு பழைய பாட்டைக் காட்சிக்கு அடியில் போட்டுவைப்பார்கள். நான்கு மாதம் அதையே கேட்டுக் கேட்டு இயக்குநர் அதன்மேல் காதல்கொண்டுவிடுவார். பிறகு வேறு எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பார். எல்லாரும் இதைத் தெரிந்தே செய்கிறார்கள், ஒவ்வொரு படத்திலும்.

ஜொஸ்லின் ஸ்ட்ரேக் என்ற அந்த இயக்குநர் காதல்கொண்டது 1971இல் வந்த ஒரு பாட்டின்மேல். முந்நூறு பிரதிகூட விற்காத ஒற்றை இசைத்தட்டு. பாடியவர் வெர்னா டாலி, கார்டிஃப் துறைமுகப் பக்கத்துப் பெண். வார்த்தைகள் ரெக்ஸ் டன்மோர். "வாசல் திறந்தே இருக்கு, நீ வா, நான் காத்திருப்பேன்" என்ற பொருளில் மூன்று நிமிடம் போகும்.

"இது இல்லாம முத்தம் கிடையாது" என்றார் ஜொஸ்லின். "அந்தம்மா எங்க இருந்தாலும் தோண்டி எடுங்கப்பா."

தட்டை வெளியிட்ட நிறுவனம் இப்போது இல்லை. ஆகையால் பாடியவரின் கையெழுத்து ஒன்று, எழுதியவரின் கையெழுத்து ஒன்று, இரண்டும் தேவைப்பட்டன. ரெக்ஸ் டன்மோர் வுல்வர்ஹாம்ப்டன் தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தார். வெர்னா டாலியைக் கண்டுபிடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. ஒரு பழைய டிரம் வாசிப்பாளரின் விதவை, மூன்று முறை கேட்ட பிறகு, தயங்கித் தயங்கி ஓர் எண்ணைக் கொடுத்தார். பெயர் மாறியிருந்தது: நெஸ்டா பெவன்.

1999 பிப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை, கார்டிஃபில் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். என் நாட்குறிப்புகள் ஏழும் உங்களிடம்தான் இருக்கின்றன, சரிபார்த்துக்கொள்ளலாம். ஐம்பத்திரண்டு வயது. பெரிய கைகள். வெண்ணெய் தடவிய பழரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு கண்ணு. பல் டாக்டர் வாசல்ல உக்காந்திருக்கிறவன் மாதிரி இருக்க."

"இல்லைங்க, பரவால்ல."

"பாட்டை எடுத்துக்கோங்க. எனக்குச் சந்தோஷம்தான். அந்தக் குரல் என்னோடது, நாலு பேர் கேட்கட்டும். வார்த்தை அவனோடது. வாசல் திறந்தே இருக்காம்." சிரித்தார். சிரிக்கும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்தது. "எழுபத்திமூணுல பியானோ மூடியால ஒரே அடி. அதுக்கப்புறம் மேல் சுதி ஏறவே இல்ல. விட்டுட்டு ஓடுனேன். அந்த வருஷமே ரெண்டு தடவை தேடிப் புடிச்சான். ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரில அஞ்சு வாரம். மூணாவது தடவை புடிச்சா கொன்னுடுவேன்னு சொல்லி அனுப்பினான். அவன் சொன்னா செய்வான், அந்த விஷயத்துல நாணயமான ஆளு."

இருபத்தாறு ஆண்டுகளாக மூன்றாவது தடவை வரவில்லை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தட்டின்மேல் பழைய பெயர் இருக்கலாம், அதை எப்படியும் மறைக்க முடியாது. இப்போது எங்கே இருக்கிறார் என்பது மட்டும் ஓர் எழுத்துகூட வெளியே வரக்கூடாது. ஒப்பந்தத்தின் கடைசித் தாளின் அடியில் இதைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

"சத்தியமா?" என்றார்.

"கண்டிப்பா" என்றேன்.

பிறகு பேச்சுவாக்கில், புதன்கிழமைகளில் ஆறரை மணிக்கு சால்ட்மீட் தெருச் சிற்றாலயத்தில் பாட்டுக்குழுப் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னார். பின்வரிசை, கீழ்ச்சுதி. "அங்க யாருக்கும் நான் தட்டு போட்டவள்னு தெரியாது. குழுவை நடத்துற கண்டக்டரம்மா என்னைத் திட்டும், வாயை இன்னும் திறக்கணுமாம். திறந்தா தாடைக் கீல் கத்தும்னு எப்படிச் சொல்றது?" நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று கதவில் தொங்கியது. நான் எல்லாவற்றையும் ரயிலில் எழுதிவைத்தேன். நான் எதையும் எழுதிவைப்பவன்.

ரெக்ஸ் டன்மோரிடம் தொலைபேசியில் பேசினேன். இனிமையான குரல். "வெர்னா எங்க தம்பி இருக்கா இப்ப? சும்மா ஒரு வாழ்த்துச் சொல்லத்தான். இருபத்தாறு வருஷமா தேடுறேன்" என்றார். தெரியாது என்றேன். இரண்டாவது முறை கேட்டபோதும் தெரியாது என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன்.

இப்போது வகுப்பைப் பற்றி. வியாழக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டுவரை, வயதுவந்தோர் கல்லூரி ஒன்றில் எழுத்து வகுப்பு. ஆசிரியர் மிஸ்டர் ஓட்வே. மூன்று ஆண்டுகளாகப் போகிறேன். எனக்கு எழுத வருமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. இந்தப் பத்தியைக்கூட இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறேன்.

தொகுப்போடு வரும் சின்னப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறிப்பு இருக்கும். பதினாறு பாட்டுக்கு விளம்பர ஆட்கள் எழுதினார்கள். கடைசிப் பாட்டைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாததால் மொய்ரா என்னிடம் கொடுத்தார். நூற்றைம்பது சொல். என் எழுத்து அச்சில் வருவது அதுதான் முதல் முறை.

முதல் வரைவில் வாக்குத் தவறவில்லை. "இன்று அவர் பொதுவாழ்விலிருந்து விலகி அமைதியாக வாழ்கிறார்" என்று முடித்திருந்தேன். ஜொஸ்லின் படித்துவிட்டு, "தபால் ஆபீஸ்ல ஃபாரம் நிரப்பின மாதிரி இருக்கேப்பா" என்றார். மழையில் குடை விரிக்கத் தெரியாதவர்களைப் படமெடுத்தவர் சொன்னார். வகுப்பிலும் வாசித்தேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் கொட்டாவி விட்டபடி, "இந்தம்மா உசிரோட இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மிஸ்டர் ஓட்வே மட்டும் சிரிக்கவில்லை. "அமைதியான்னா என்ன? எந்தத் தெரு? எந்தக் கிழமை? என்ன போட்டிருக்காங்க? பொதுவா எழுதுறது ஒருவகைப் பொய், ஆல்பன்" என்றார்.

அடுத்த வியாழன் இரண்டாவது வரைவை வாசித்தேன். கார்டிஃப், சால்ட்மீட் தெருச் சிற்றாலயம், புதன்கிழமைப் பயிற்சி, நீலக் கோட்டு, பின்வரிசையில் பாதி திறந்த வாய்.  வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். செவிலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஸ்டா பெவன் என்ற பெயரை மட்டும் நான் எழுதவில்லை. கொடுத்த வாக்கை முடிந்தவரை காப்பாற்றுபவன் நான்.

அச்சுக்குப் போகும் முன் மொய்ரா கேட்டார்: "அந்தம்மா ஏதோ நிபந்தனை போட்டாங்கன்னு சொன்னியே?"

"பேசிட்டேன். இப்ப ஒத்துக்கிட்டாங்க."

"எழுத்துல இருக்கா?"

ஒப்பந்தத்தின் நகலைக் காட்டினேன். நகல் எடுக்கும்போது தாளின் அடிப்பகுதி மடங்கியிருந்தது. நான்தான் மடித்தேன்.

மே மாதம் தொகுப்பு வந்தது. மூன்று வாரத்தில் நான்கு லட்சம். ஒருவர்கூட அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மொய்ராவின் தங்கை அதன்மேல் ஒயின் கிண்ணம் வைப்பதைப் பார்த்தேன். என் அம்மா படங்களை மட்டும் பார்த்துவிட்டு, "கதாநாயகனுக்கு மூக்கு கொஞ்சம் பெருசு" என்றார். ஜொஸ்லினிடம் கேட்டேன். "அதை யாருப்பா படிப்பாங்க?" என்று தோளில் தட்டினார். மிஸ்டர் ஓட்வேக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். பாட்டு நன்றாக இருந்தது என்றார். நான்கு லட்சம் பேர் என் வார்த்தைகளைக் காசு கொடுத்து வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் செருகிவிட்டு, காத்திருப்பேன் காத்திருப்பேன் என்று அந்தப் பெண்ணோடு சேர்ந்து பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினார்கள். யார் எழுதிய வரி, எழுதியவன் அவள் தாடையை என்ன செய்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் கழுவியிருப்பார்கள்.

கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் ஓர் இலவசப் பிரதி அனுப்புவது எங்கள் அலுவலக வழக்கம். பட்டியல் என் மேசையில் இருந்தது. ஆகவே ரெக்ஸ் டன்மோருக்கும் ஒன்று போனது. நேற்று இதைத்தான் உங்களிடம் சொன்னேன், அதில் பொய் இல்லை. ஆனால் குறையாகச் சொன்னேன். இலவசப் பிரதிகள் வெறும் அட்டை உறையில் போகும். அவற்றில் புத்தகம் இருக்காது. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் அப்படித்தான் போனது. ரெக்ஸுக்கு அனுப்பியதை நான் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் ஒரு கடையில் வாங்கினேன். பதினோராம் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்தேன். ஜூன் பத்தாம் தேதி தபாலில் சேர்த்தேன். வியாழக்கிழமை, வகுப்புக்குப் போகும் வழியில்.

ஏன் என்று நீங்கள் நான்கு முறை கேட்டீர்கள். அந்த நூற்றைம்பது சொல்லை ஒரு வார்த்தை விடாமல் படிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய விலாசம் என்னிடம் இருந்தது.

ஜூன் பதினான்கு, திங்கள், காலை பதினொன்றேகாலுக்கு அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார்.

"நீங்க எழுதினதா தம்பி இது?"

"ஆமாங்க."

"அப்படியே கண் முன்னாடி நிக்கிறா. அந்த வாய். நாலு தடவை படிச்சிட்டேன்."

நன்றி சொன்னேன்.  அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"புதன்கிழமைன்னு போட்டிருக்கு. எத்தனை மணின்னு போடலியே."

இடம் பற்றாமல் அந்த ஒரு விவரத்தை மட்டும் வெட்டியிருந்தேன். வெட்டியது எனக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைச் சரியாகக் கவனித்துவிட்டார்.

"ஆறரைக்கு" என்றேன்.

"நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்தேன். வெர்னாவின் கார்டிஃப் தொலைபேசி எண், விலாச அட்டைகள் வைக்கும் பெட்டியில் 'ட' வரிசையில் இருந்தது. மதியம் ஒருமுறை அட்டையை வெளியே எடுத்து, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப வைத்தேன். ஐந்தரைக்கு மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சிற்றாலயத்தின் பக்கச் சந்தில், பாட்டுக்குழுவுக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வெயில் இன்னும் இருந்தபோது, வெர்னா டாலிக்கு என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் உயிர் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்கவில்லை என்று சொன்னீர்கள்.

நான் அவரைக் கொல்ல நினைத்ததில்லை. அவர்மேல் எனக்கு மரியாதைதான் இருந்தது. குறிப்பைப் படித்தால் தெரியும். பியானோ மூடியைப் பற்றி அதில் நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. இருந்தாலும் ரெக்ஸ் டன்மோர் அங்கே வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், தெரிந்துதான் நேரத்தைச் சொன்னேன். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். ரெக்ஸைப் பிடித்தபோது அவர் சட்டைப்பையில் அந்தப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது, பேனாவால் சில வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார் என்று உங்கள் உதவியாளர் பேச்சுவாக்கில் சொன்னார். வழக்குக்கு இடைஞ்சல் இல்லை என்றால், எந்தெந்த வரிகள் என்று எனக்குச் சொல்ல முடியுமா?