படுத்தா போற தலைவலி

ஆமா இன்ஸ்பெக்டர் மேடம், அக்கா தலைக்கடியில இருந்த தலையணைய எடுத்தது நான்தான். தட்டையா படுக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அவ்வளவுதான். அதுல ஒண்ணுமில்ல.

பிரசவத்துல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அந்த ஓட்டை மூடல. மூளையயும் தண்டுவடத்தயும் சுத்தி இருக்கிற நீர் அது வழியா கசிஞ்சு அழுத்தம் குறைஞ்சுடுச்சு. உட்காந்தா மண்ட வெடிக்கும், படுத்தா போயிடும். எல்லாரும் பிள்ள பெத்த அசதின்னாங்க. நான் ஸ்கேன் சென்டர்ல பயிற்சியில இருக்கேன், கேட்டவுடனே சொல்லிட்டேன். டாக்டரே, "யாருப்பா கண்டுபிடிச்சது?"ன்னாரு. அக்கா வீட்டுக்காரர் அதுவரைக்கும் என்னை 'அரியர் மன்னன்'னுதான் கூப்பிடுவாரு. அன்னிக்கு தோள்ல தட்டி, "வீட்டுலயே டாக்டர வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சிருக்கோமே மாப்ள"ன்னாரு. அந்தத் தட்டல் இன்னும் தோள்லயே இருக்கு மேடம்.

மாமா மருந்து வாங்கப் போனப்ப டாக்டர் என்கிட்ட மட்டும் சொன்னாரு: "ஓட்டை தானா மூடிக்கும். ஆனா படுத்தும் வலி போகலன்னா உடனே கூட்டிட்டு வா. மூளை ரத்தக் குழாய்ல ரத்தம் தேங்கி உறைஞ்சிருக்கலாம்." நான் தலையாட்டினேன்.

நாலஞ்சு நாள் கழிச்சு அக்கா, "டேய், இப்ப படுத்தாலும் வலிக்குதுடா"ன்னா.

"நீ ஒழுங்கா படுக்கல"ன்னு தலையணைய எடுத்தேன்.

மாமா டாக்டருக்குப் போன் போட்டு, "நம்ம டாக்டரே பேசுவாரு"ன்னு என்கிட்ட குடுத்தாரு.

"படுத்தா வலி போகுதாப்பா?"

"போகுது சார்."

அக்கா என்னையே பாத்தா. "ஏங்க, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு மாமாகிட்ட சொல்லிட்டு கண்ண மூடிக்கிட்டா.

போகலன்னு சொல்லியிருந்தா வியாதிக்கு வேற பேரு வந்திருக்கும். நான் சொன்னத யாரு ஞாபகம் வச்சிருப்பா? மறுபடியும் அரியர் மன்னன்தான்.

மறுநாள் காலையில பாப்பாவ என்கிட்ட நீட்டி, "புடிடா, கை கேக்க மாட்டேங்குது"ன்னா. வாங்கிக்கிட்டேன். மாமா கேட்டப்ப, படுத்தே கிடக்கால்ல, மரத்துப் போச்சுன்னேன். சாயங்காலம் வலிப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுடுச்சு.

ரத்தக் கட்டின்னு அப்புறம்தான் எல்லாருக்கும் தெரியும். எனக்கு பாப்பாவ வாங்கினப்பவே தெரியும் மேடம். ஸ்கேன் கூட எடுக்கல, டாக்டருக்கும் முன்னாடி, சும்மா பாத்தே கண்டுபிடிச்சேன். நீங்களே சொல்லுங்க, ரெண்டு தடவையும் நான் கண்டுபிடிச்சது கரெக்ட்தானே?